பிரெஞ்சில் தொடங்கிய திட்டம்: கம்யூனிட்டி காலேஜிலிருந்து கலை வரலாற்றுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் – நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் காலேஜ் பேச்சு எடுத்தால் அது கம்ப்யூட்டர் சயின்ஸைச் சுற்றித்தான் போகும். கலை, மொழி, வரலாறு என்று போகிற பிள்ளைகள் குறைவு. அதிலும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறுகிறவர்களைப் பற்றி யாரும் வெளியே சொல்வதில்லை. அப்படி மாறிய ஒரு மாணவியின் திட்டம் எங்கே தொடங்கி, எங்கே இடறி, எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். தெரிந்த குடும்பங்களுக்கு இந்தத் திட்டங்களைப் போட உதவிவருகிறேன். அப்படிப் பார்த்த சில பிள்ளைகளின் அனுபவத்தை ஒரே மாணவியாக்கி, அடையாளங்களை எடுத்துவிட்டிருக்கிறேன். விதிகளும் கட்டணமும் உள்ளபடியே இருக்கின்றன.

முதலில் களம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 1960-இல் வந்த உயர்கல்வி மாஸ்டர் பிளான் மாநிலத்தின் அரசுக் கல்வியை மூன்று தட்டாகப் பிரித்தது: மேலே யூசி, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, நடுவில் சிஎஸ்யூ, அதாவது ஸ்டேட் யூனிவர்சிட்டிகள், கீழே யாரும் சேரக்கூடிய கம்யூனிட்டி காலேஜ்கள். கீழ்த்தட்டில் முதல் இரண்டு வருடத்தை முடித்தவர் மேல்தட்டில் மூன்றாம் வருடத்தில் போய்ச் சேரலாம். அந்த ஏற்பாட்டுக்குத்தான் டிரான்ஸ்ஃபர் என்று பெயர். கம்யூனிட்டி காலேஜில் பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து அதே கட்டணம்தான். யூசியில் ஒரு வருடக் கட்டணம் மட்டும் 14,000 டாலரைத் தாண்டும், தங்கும் செலவு தனி. கணக்கு இவ்வளவு பளிச்சென்று இருந்தும் நம் வீடுகளில் தயக்கம் போகவில்லை. “ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?” என்பதுதான் பாதித் தயக்கம்.

டிசம்பரில் வந்த தாள்

இந்த மாணவி 2024 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தாள். டிசம்பரில், முதல் செமஸ்டர் முடிகிற நேரத்தில், அப்பாவும் அம்மாவும் அவளும் வந்து உட்கார்ந்தார்கள். கையில் ஒரு தாள். அவள் தேர்ந்தெடுத்திருந்தது லிபரல் ஆர்ட்ஸ் பட்டம், அதில் ஆர்ட்ஸ் அண்ட் ஹ்யூமானிட்டீஸ் பிரிவு. பல கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தப் பட்டம் உண்டு. எந்தத் துறையினரும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள், அதோடு கலை மற்றும் ஹ்யூமானிட்டீஸில், அதாவது மொழி, தத்துவம் போன்ற துறைகளில் 18 யூனிட், மீதி எதை வேண்டுமானாலும் எடுத்து மொத்தம் 60 யூனிட். முடித்தால் அசோசியேட் பட்டம், அதாவது இரண்டு வருடப் பட்டம்.

முதல் செமஸ்டரில் அவள் எடுத்தவை: ஆங்கிலக் கட்டுரைப் பாடம் 4 யூனிட், திரைப்பட ரசனை 3, இசை ரசனை 3, ஓவியம் 3. மொத்தம் 13. அடுத்த செமஸ்டருக்கு எழுதி வைத்திருந்தவை: புராணவியல், நடன ரசனை, இன்னொரு ஓவியப் பாடம். கணிதம் கடைசி செமஸ்டருக்குத் தள்ளப்பட்டிருந்தது. மொழி எதுவும் இல்லை.

“எங்க போகணும்னு நினைக்கிற?” என்று கேட்டேன்.

“யூசி, ஆன்ட்டி. பெர்க்லி கிடைச்சா பெர்க்லி. ஆர்ட் ஹிஸ்டரி.”

அப்பா குறுக்கிட்டார். “டிகிரி பேர்லயே ஆர்ட்ஸ் அண்ட் ஹ்யூமானிட்டீஸ்னு இருக்கேங்க. அதானே எங்க போனாலும் கேப்பாங்க?”

சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அவர்கள் போட்ட திட்டத்தில் எந்தத் தப்பும் இல்லை, அந்தப் பட்டம் வாங்குவதற்கு. ஆனால் யூசி அந்தப் பட்டத்தைக் கேட்பதே இல்லை. அசோசியேட் பட்டம் இல்லாமலே யூசிக்கு மாறலாம். அது கேட்பது வேறு. மாற்றிக்கொள்ளத்தக்க 60 செமஸ்டர் யூனிட். அதற்குள் ஏழு குறிப்பிட்ட பாடங்கள்: ஆங்கிலக் கட்டுரை இரண்டு, கணிதம் ஒன்று, மீதி நான்கும் கலை, சமூக அறிவியல், அறிவியல் இவற்றில் குறைந்தது இரண்டு துறைகளிலிருந்து. மாநிலவாசி என்றால் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, குறைந்தது 2.4. இவ்வளவும் வாசலில் நிற்பதற்கான தகுதி. உள்ளே விடுவதா என்று முடிவெடுக்கும்போது பார்ப்பது, சேரப்போகிற மேஜருக்கான, அதாவது முதன்மைத் துறைக்கான, ஆரம்பப் பாடங்களை முடித்திருக்கிறாளா என்பதை. அவள் தாளில் கலை வரலாற்றுப் பாடம் ஒன்றுகூட இல்லை.

கலை வரலாறு படிக்கப் போகிறவளின் நான்கு செமஸ்டர் திட்டத்தில் கலை வரலாறே இல்லை என்றால் சிரிப்பு வரும். ஆனால் இது அபூர்வம் இல்லை. பட்டத்தின் பெயர் தைரியம் கொடுத்துவிடுகிறது. பட்டியலில் இருக்கிற பாடங்களில் பிடித்ததை எடுத்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து குறைவு. கால்குலஸ், பிசிக்ஸ் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் பாடங்கள், யாரும் ஏமாற முடியாது. கலைப் பக்கம் கதவுகள் எல்லாம் திறந்தே கிடப்பதால்தான் வழி தவறுவது எளிது.

வலப்பக்கத்துப் பத்தி

அன்று சாயங்காலமே அசிஸ்ட் தளத்தைத் திறந்தோம். கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கிடையே எந்தப் பாடம் எதற்குச் சமம் என்பதற்கான அதிகாரபூர்வப் பதிவு இது. நம் காலேஜ், போக வேண்டிய கேம்பஸ், மேஜர் மூன்றையும் கொடுத்தால் ஒரு பக்கம் வரும். இடப்பக்கம் யூனிவர்சிட்டியின் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடாக நம் காலேஜில் இருக்கிற பாடம். ஈடு இல்லையென்றால் அந்த இடத்தில் இணையான பாடம் இல்லை என்றே போட்டிருப்பார்கள்.

நான்கு யூசிகளுக்குத் தனித்தனியாகப் பார்த்தோம்: பெர்க்லி, யூசிஎல்ஏ, டேவிஸ், சாண்டா குரூஸ். சாண்டா குரூஸில் துறைக்குப் பெயரே வேறு, கலை வரலாறும் காட்சிப் பண்பாடும். நான்கிலும் கேட்பது ஒன்றுபோல இல்லை. ஆனால் எல்லாப் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது, மேற்கத்தியக் கலை வரலாற்றின் இரண்டு தொடக்கப் பாடங்கள்: தொல்காலம் முதல் இடைக்காலம் வரை ஒன்று, மறுமலர்ச்சி முதல் இன்றுவரை ஒன்று. ஆசியக் கலை சில இடங்களில் ஈடாக ஏற்கப்பட்டது, சில இடங்களில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவள் முகம் வாடியது. அவளை இந்தத் துறைக்கு இழுத்ததே சான் பிரான்சிஸ்கோ ஏஷியன் ஆர்ட் மியூசியத்தில் பார்த்த தென்னிந்தியச் சிற்பங்கள்தான்.

“ஈடு இல்லைன்னா எடுக்கக்கூடாதா ஆன்ட்டி?”

எடுக்கலாம். யூனிட்டாகக் கணக்கில் வரும். மேஜரில் ஒரு பாடத்தைக் கழிக்காது, அவ்வளவுதான். பிடித்ததற்கும் திட்டத்தில் இடம் வேண்டும். ஆனால் அது எந்தப் பெட்டியில், அதாவது எந்தத் தேவையின் கணக்கில், விழுகிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

அப்புறம் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 2026 இலையுதிரில் யூசியில் சேர வேண்டும். அதற்கு முந்தைய வசந்த செமஸ்டரோடு எல்லாம் முடிய வேண்டும். விண்ணப்பம் 2025 டிசம்பர் 1-க்குள். அதற்கும் முன்னால் செப்டம்பரில் டேக். டேக் என்பது டிரான்ஸ்ஃபர் சேர்க்கை உத்தரவாதம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என்ற ஆறு கேம்பஸ்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் செப்டம்பர் 1 முதல் 30-க்குள் போட வேண்டும். நிபந்தனைகளைக் காப்பாற்றினால் இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றும் இந்த ஏற்பாட்டில் இல்லை. டேக் போடுகிற நேரத்தில் கையில் 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும். அவளிடம் இருந்தது 13. ஒரு செமஸ்டரும் ஒரு கோடையும் மிச்சம்.

இப்படித் திருப்பிப் பார்த்ததும் எது அவசரம் என்பது தானாகத் தெரிந்தது. இசை ரசனையை எந்த செமஸ்டரிலும் எடுக்கலாம். மொழியை அப்படி எடுக்க முடியாது. பிரெஞ்சு 1 முடித்தால்தான் 2, 2 முடித்தால்தான் 3. ஒவ்வொன்றும் 5 யூனிட், ஒவ்வொரு செமஸ்டரும் எல்லாம் நடக்காது. கலைப் படிப்புக்கான திட்டத்தில் மிக நீளமான சங்கிலி இதுதான், எனவே இதைத்தான் முதலில் கட்ட வேண்டும். டேவிஸில் பி.ஏ. பட்டத்துக்கு ஒரே மொழியில் 15 குவார்ட்டர் யூனிட் கேட்கிறார்கள். குவார்ட்டர் என்பது செமஸ்டரைவிடக் குறுகிய பருவம்; 3 குவார்ட்டர் யூனிட் 2 செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். செமஸ்டர் கணக்கில் 10, அதாவது பிரெஞ்சு 1-உம் 2-உம். பொதுக்கல்வியை முழுவதும் முடித்துவிட்டுப் போனாலும் இந்த மொழித் தேவை தனியாக நிற்கும் என்பதைப் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

எந்த மொழி என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஹைஸ்கூலில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்திருந்தாள். அதைத் தொடர்ந்தால் நேராக இரண்டாம் பாடத்தில் உட்காரலாம், ஒரு செமஸ்டர் மிச்சம் என்றேன். அவள் பிரெஞ்சுதான் என்றாள். கலை வரலாற்றில் முதுகலை, பிஎச்.டி. என்று போனால் பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்கத் தெரிய வேண்டும் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். பதினெட்டு வயதில் பிஎச்.டி.யை யோசித்துப் பேசுகிற பெண்ணோடு வாதாடுவதில் அர்த்தமில்லை. பிரெஞ்சு என்றே எழுதினோம்.

பெட்டிகளும் பாடங்களும்

மேஜர் ஒரு பக்கம், பொதுக்கல்வி இன்னொரு பக்கம். 2021-இல் வந்த ஏபி 928 சட்டத்தின்படி யூசி, சிஎஸ்யூ இரண்டுக்கும் ஒரே பொதுக்கல்விப் பட்டியல் உருவானது; கால்-கெட்சி என்கிறார்கள். 2025 இலையுதிரில் அமலுக்கு வந்தது. 11 பாடங்கள், 34 யூனிட். ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். சி மைனஸ் ஏற்கப்படாது. இவள் அதற்கு முந்தைய வருடம் சேர்ந்தவள் என்பதால் பழைய ஐ-கெட்சி பட்டியலிலும் முடிக்க உரிமை இருந்தது. பழையதில் கலை மற்றும் ஹ்யூமானிட்டீஸுக்கு மூன்று பாடம்; புதியதில் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கலைப் பிரிவு ஆசிரியர்களுக்கு இதில் வருத்தம் இருந்தால் ஆச்சரியமில்லை. புதியதில் மேடைப்பேச்சுப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். பழையதில் அது சிஎஸ்யூவுக்கு மட்டும். நாங்கள் இரண்டிலும் பொருந்தும்படியே போட்டோம்.

முதல் செமஸ்டர் பாடங்கள் வீணா என்று அம்மாவுக்குக் கவலை. பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஆங்கிலம் தேவையான பாடம். திரைப்பட ரசனை பொதுக்கல்வியின் கலைப் பெட்டியில் உட்கார்ந்தது. ஓவியத்தில்தான் ஒரு வேடிக்கை. அதுவும் கலைப் பெட்டியில் விழும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் கையால் வரைகிற ஸ்டுடியோ பாடங்களை அந்தப் பெட்டியில் ஏற்பதில்லை. கலையைப் பற்றிப் படிக்கிற பாடம்தான் அங்கே செல்லும். அப்படியானால் ஓவியம் வெறும் யூனிட்டா? இல்லை, அதற்கு வேறொரு வீடு கிடைத்தது.

அந்த வீடு ஏடிடி. 2010-இல் எஸ்பி 1440 சட்டம் வந்தபோது, டிரான்ஸ்ஃபருக்கென்றே அசோசியேட் பட்டங்கள் தொடங்கப்பட்டன. குறிப்பிட்ட மேஜரில் இந்தப் பட்டத்தை முடித்தவருக்கு சிஎஸ்யூ அமைப்பில் ஏதோ ஒரு கேம்பஸில், அதே மாதிரியான மேஜரில் இடம் உறுதி. அங்கே இன்னும் 60 யூனிட்டில் பட்டத்தை முடிக்க வழியும் இருக்க வேண்டும். எந்த கேம்பஸ் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவள் காலேஜில் கலை வரலாற்றுக்கே ஏடிடி இருந்தது. அதன் மையப் பாடங்கள் அந்த இரண்டு தொடக்கப் பாடங்களும் ஓவியமும். அதோடு மேற்கு அல்லாத கலையில் ஒன்று, இன்னொரு ஸ்டுடியோ பாடம் ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று. ஆக ஓவியம் அங்கே கட்டாயப் பாடம். ஆசியக் கலையும் இங்கே வந்து உட்கார்ந்தது. சில யூசிகளில் வெற்றிடமாக இருந்த பாடம் சிஎஸ்யூ வழியில் தேவையான பாடம்.

லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்தை விட்டுவிட்டு இதற்கு மாறலாம் என்றேன். ஆர்ட்ஸ் அண்ட் ஹ்யூமானிட்டீஸ் பிரிவு பொதுப் பட்டம். அதற்கு சிஎஸ்யூவில் இந்த உத்தரவாதம் கிடையாது. யூசி கிடைக்காமல் போனாலும் கலை வரலாற்று ஏடிடி கையில் இருந்தால் சான் ஹோசே ஸ்டேட் போன்ற இடங்களில் நிற்க ஒரு தளம் இருக்கும்.

“இத முடிச்சா டிகிரி இருக்கும்ல அக்கா?” என்றார் அம்மா. இருக்கும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசியில் வந்த வரிசை இது. 2025 வசந்தத்தில் பிரெஞ்சு 1, புள்ளியியல், கலை வரலாறு முதல் பாகம், விமர்சனச் சிந்தனைக் கட்டுரை: 15 யூனிட். கோடையில் பிரெஞ்சு 2, அமெரிக்க அரசியல்: 8. அப்போது மொத்தம் 36, டேக் போடத் தேவையானதைவிட 6 அதிகம். இலையுதிரில் பிரெஞ்சு 3, கலை வரலாறு இரண்டாம் பாகம், ஆய்வகத்தோடு உயிரியல், மேடைப்பேச்சு: 15. கடைசி வசந்தத்தில் ஆசியக் கலை, வானியல், உளவியல், இனக்குழு ஆய்வு, மட்பாண்டம்: 15. மொத்தம் 66. ஆரம்ப நிலைப் பாடங்களுக்கு யூசி அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்தான் கொடுக்கும். அந்த வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

இதில் நான் கொஞ்சம் பெருமைப்படுகிற இடம் பிரெஞ்சு 3. டேவிஸுக்கு 2 வரை போதும். மூன்றாவது எதற்கு என்று அப்பா கேட்டார். இடைநிலை மொழிப் பாடத்தைப் பொதுக்கல்வியின் ஹ்யூமானிட்டீஸ் பெட்டியில் ஏற்பது உண்டு. அவள் காலேஜ் பட்டியலில் பிரெஞ்சு 3 அங்கே இருந்தது. அதனால் தத்துவப் பாடம் ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஏடிடிக்குத் தேவையான மட்பாண்டத்தை வைத்தோம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தத்துவம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கடைசி செமஸ்டர் 18 யூனிட் ஆகாமல் 15-இல் நின்றது.

ஆகஸ்டில் ரத்தான வகுப்பு

வசந்தம் நன்றாகப் போனது. ஹைஸ்கூலில் கணக்கு என்றாலே ஓடியவள் புள்ளியியலில் பி வாங்கினாள். 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு தயாரிப்புப் பாடங்களில் செமஸ்டர்களைத் தொலைக்காமல் நேரடியாக டிரான்ஸ்ஃபர் நிலைக் கணிதத்தில் சேர முடிகிறது. கலைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் புள்ளியியலே போதும். கோடையில் பிரெஞ்சு 2 வாரத்துக்கு நான்கு நாள், காலை முழுக்க. ஒரு செமஸ்டர் பாடத்தைச் சில வாரங்களில் திணிக்கிற வகுப்பு. அந்தச் சமயத்தில் வேறு எதுவும் பேசாமல் வினைச்சொல் அட்டவணையோடு திரிந்தாள்.

ஆகஸ்டில் செமஸ்டர் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சேர்ந்தவர்கள் குறைவு என்று பிரெஞ்சு 3 வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். மொழிச் சங்கிலியின் மேல்கண்ணிகளில் இது அடிக்கடி நடக்கும். பிரெஞ்சு 1-க்கு முப்பது பேர், 3-க்குப் பத்துப் பேர்கூட வராத நிலை சகஜம்.

அவளே தேடிப்பிடித்து இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினாள்: பக்கத்து மாவட்டக் காலேஜில் பிரெஞ்சு 3 ஆன்லைனில் இருக்கிறது, இடமும் இருக்கிறது, சேரட்டுமா? பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அது செமஸ்டர் காலேஜா குவார்ட்டர் காலேஜா என்பது. குவார்ட்டர். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்கள் பெரும்பாலும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன; குப்பர்டினோவின் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில் போன்ற சில மட்டும் குவார்ட்டர் முறை. செமஸ்டர் காலேஜில் முதல் வருட மொழி இரண்டு பாடம். குவார்ட்டர் காலேஜில் அதே முதல் வருடம் மூன்று பாடம். அதாவது அங்கே இருக்கிற பிரெஞ்சு 3, இவள் கோடையில் முடித்த பிரெஞ்சு 2-இன் கடைசிப் பகுதி. எண் ஒன்றுதான், பாடம் வேறு. 5 குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் கணக்கில் 3.33 யூனிட்தான். சேர்ந்திருந்தால் படித்ததையே திரும்பப் படித்திருப்பாள், ஹ்யூமானிட்டீஸ் பெட்டியும் காலியாகவே இருந்திருக்கும்.

கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் தளத்தில் தேடினால் மாநிலம் முழுவதும் நடக்கும் ஆன்லைன் பாடங்கள் வரும். தெற்கே ஒரு செமஸ்டர் காலேஜில் இடைநிலைப் பிரெஞ்சு கிடைத்தது. சேருவதற்கு முன் அந்தக் காலேஜின் அசிஸ்ட் பக்கத்தைப் பார்த்து, அங்கேயும் அந்தப் பாடம் பொதுக்கல்வியின் ஹ்யூமானிட்டீஸ் பெட்டியில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டோம். ஒரு பாடம் எந்தப் பெட்டியில் விழும் என்பதை அதை நடத்துகிற காலேஜின் பட்டியல்தான் தீர்மானிக்கும். சொந்தக் காலேஜின் பட்டியலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இருந்தது. சேர்ந்தாள்.

இந்தப் பருவத்தில் இன்னொரு குழப்பம். ஏபி 1111 சட்டப்படி 2025 இலையுதிரிலிருந்து சில பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண் வந்துவிட்டது. ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, மேடைப்பேச்சு, புள்ளியியல், உளவியல், அமெரிக்க அரசியல் இவை முதல் தொகுதி. அதனால் அவள் மதிப்பெண் பட்டியலில் பாதி பழைய எண்ணிலும் பாதி புதிய எண்ணிலும் இருக்கிறது. யூசி விண்ணப்பத்தில் பாடங்களை, அவை முடிந்த காலத்தில் இருந்த எண்ணிலேயே போட வேண்டும். எல்லாவற்றையும் புதிய எண்ணுக்கு மாற்றி அழகுபடுத்தப் போனவளைத் தடுக்க வேண்டியிருந்தது.

350 வார்த்தை

செப்டம்பரில் டேக் டேவிஸுக்குப் போட்டாள். அப்பா சாண்டா பார்பரா என்றார், அவள் டேவிஸ் என்றாள். அந்த விவாதத்தில் நான் இல்லை. பிறகு பொது விண்ணப்பம்: டேவிஸ், பெர்க்லி, யூசிஎல்ஏ, சாண்டா குரூஸ். சிஎஸ்யூ பக்கம் சான் ஹோசே ஸ்டேட்.

யூசி விண்ணப்பத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் நான்கு சிறு கட்டுரை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். ஒன்று கட்டாயம்: சேரப்போகிற மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பது. முதல் வரைவில் சின்ன வயதிலிருந்தே கலை பிடிக்கும், கோயில் சிற்பங்களைப் பார்த்து வியந்தேன் என்றெல்லாம் எழுதியிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. கேள்விக்குப் பதில் இல்லை.

நல்ல வேளையாக அந்தச் செமஸ்டரில் கலை வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தாள், சிவபுரம் நடராஜரைப் பற்றி. கும்பகோணம் பக்கம் சிவபுரத்துக் கோயிலிலிருந்து களவுபோன சோழர் காலச் செப்புத் திருமேனி. கலிஃபோர்னியாவின் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்து, 1986-இல் இந்தியாவுக்குத் திரும்பியது. ஒரு படிமம் கோயிலில் இருக்கும்போதும் அருங்காட்சியகத்தில் இருக்கும்போதும் அதை எப்படிப் படிக்கிறோம் என்பது அவள் கட்டுரையின் கேள்வி. அதை எழுதும்போது எந்தப் பாடத்தில் கற்ற முறை உதவியது, பழைய ஏலப் பட்டியல் ஒன்றைப் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிப் படித்தது எப்படி என்று எழுது என்றேன். இரண்டாம் வரைவு அப்படி வந்தது. வியந்தேன் என்ற சொல் அதில் ஒருமுறைகூட இல்லை.

நவம்பர் நடுவில் டேக் ஏற்கப்பட்டது. ஜனவரியில் அந்தச் செமஸ்டர் மதிப்பெண்களையும் வசந்தப் பாடங்களையும் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மட்பாண்டத்துக்குப் பதில் வேறொரு ஸ்டுடியோ பாடத்துக்கு மாறியதையும் அவள் அதில் சொன்னாள். திட்டமிட்ட பாடம் மாறினால் சொல்லியாக வேண்டும், குறிப்பாக டேக் போட்டவர்கள்.

ஏப்ரலில் டேவிஸ் கிடைத்தது, சாண்டா குரூஸும் கிடைத்தது. சான் ஹோசே ஸ்டேட் முன்பே வந்திருந்தது. பெர்க்லி இல்லை, யூசிஎல்ஏ இல்லை. பெர்க்லி கடிதம் வந்த அன்று அவள் அழுதாள் என்று அம்மா சொன்னார். முதல் செமஸ்டரிலேயே கலை வரலாறு எடுத்திருந்தால் கிடைத்திருக்குமா என்று அப்பா கேட்டார். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. கடைசி செமஸ்டரில் நடக்கிற ஆசியக் கலை பாடத்துக்கு விண்ணப்பத்தில் மதிப்பெண் காட்ட முடியவில்லை என்பது மட்டும் உண்மை. அந்தப் பாடத்தை அவள் காலேஜ் வசந்தத்தில் மட்டும்தான் நடத்துகிறது.

ஜூன் 1-க்குள் சேருகிறேன் என்று டேவிஸுக்கு ஒப்புக்கொண்டாள். மிச்சம் இருந்தவை காகித வேலைகள். பொதுக்கல்வியை முடித்ததற்கான கால்-கெட்சி சான்றைக் காலேஜில் தனியாகக் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். பாடங்களை முடித்தால் தானாக அது போய்ச் சேராது. பிரெஞ்சு 3 படித்த தெற்குக் காலேஜிலிருந்தும் மதிப்பெண் பட்டியல் போக வேண்டும், ஒரே ஒரு பாடம் படித்திருந்தாலும். ஏடிடிக்குத் தனி மனு, அதற்கொரு கடைசித் தேதி. இந்த மூன்றையும் ஒரே மதியத்தில் உட்கார்ந்து முடித்தாள்.

செலவைச் சொன்னால், 66 யூனிட்டுக்கு யூனிட் கட்டணம் 3,036 டாலர், புத்தகமும் சின்னக் கட்டணங்களும் தனி. முதன்முறையாக முழுநேரம் சேர்கிறவர்களுக்குப் பல காலேஜ்களில் இரண்டு வருடக் கட்டணமே தள்ளுபடி. கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

டேவிஸ் குவார்ட்டர் முறை. அவளுடைய 66 செமஸ்டர் யூனிட் அங்கே 99 குவார்ட்டர் யூனிட் ஆகும். பட்டத்துக்கு 180 வேண்டும், மிச்சம் 81. ஆறு குவார்ட்டரில் சராசரியாக 13.5 வீதம் எடுத்தால் இரண்டு வருடத்தில் முடியும். மொழித் தேவை முடிந்துவிட்டது. அந்த இடத்தில் ஜெர்மன் சேர்க்கலாமா என்று இப்போதே கேட்கிறாள்.